இடது பக்கம் சாய்ந்த வண்டி

வண்டிப் பிரிவுக்கு மாற்றல் என்று காகிதம் வந்ததும் உங்களில் பாதிப் பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். கணக்குப் பிரிவில் நிம்மதியாக இருந்தவளை, கல்கத்தாவில் கிடர்பூர் துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் பொதுத்துறை அலுவலகத்தின் கார்களைக் கட்டி மேய்க்க அனுப்பினார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. என் வீட்டில் சைக்கிள்கூடக் கிடையாது. டாக்குரியாவிலிருந்து மினி பஸ்ஸில் நசுங்கி வந்து இறங்குகிறவளைக் கூப்பிட்டு, ஒரு வரிசை வெள்ளை அம்பாசிடர்களின் சாவியைக் கையில் கொடுத்தார்கள். அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள், டிரைவர்கள் உட்பட.

எண்ணெய் எப்போது மாற்றுவது, டயர் எத்தனை நாள் வரும் என்பதையெல்லாம் உங்களுக்கு யாராவது சொல்லித்தருவார்கள். அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ஒரே ஒரு காரின் பின்பக்க இடது ஸ்பிரிங்கைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. டாக்டர் நினைக்க வேண்டாம் என்கிறார். நினைக்காமல் எப்படி எழுதுவது?

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒரு வங்காளிப் பெரியவர். பொறுப்பை ஒப்படைத்த அன்று கோப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, “கராஜ்ல போய் டீ மட்டும் குடிக்காதீங்க” என்றார். ஏதோ சுத்தம் சம்பந்தப்பட்ட விஷயம் என்று எடுத்துக்கொண்டேன். அது சண்டை சம்பந்தப்பட்ட விஷயம் என்று பிறகுதான் புரிந்தது. ஒருவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு அவரைத் திட்டுவதற்கு நமக்கு வாய் வராது. கராஜ்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் நீங்கள் உள்ளே காலை வைப்பதற்கு முன்பே டீக்கு ஆள் ஓடுகிறான்.

எங்கள் கார்களெல்லாம் நிதாய் பாபு என்பவரின் கராஜுக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. மூன்று இடங்களில் விலை கேட்டு, குறைவாகச் சொன்னவருக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு முறையும் நிதாய் பாபுதான் குறைவாகச் சொல்வார். பார்க்க மிக நல்ல மனிதர். வெள்ளை வேட்டி, சிரித்த முகம், வாய் நிறைய ‘தீதி, தீதி’ என்று கூப்பிடுவார். அக்கா என்று இத்தனை பாசமாகக் கூப்பிடுகிறவரிடம் கோபப்படுவது கஷ்டம். நான் கஷ்டப்பட்டுப் பழகிக்கொண்டேன்.

விவகாரமான அந்தக் காரை ஓட்டியவர் பெயர் ஹராதன். பெஹாலாக்காரர், ஒடிசலான ஆள், பேச்சு குறைவு. அங்கே ‘தா’ என்றால் அண்ணன், நான் ஹராதன்தா என்று கூப்பிடுவேன். துறைமுக அலுவலகத்துக்கும் பெஹாலாவில் எங்களுக்கு இருந்த கிடங்குக்கும் நடுவே நாள் முழுக்க அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு போய்வருவது அவர் வேலை. அந்தப் பாதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். டிராம் தண்டவாளம், அதன் இரு பக்கமும் பெயர்ந்த கல், மழை பெய்தால் முழங்கால் தண்ணீர், தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். லாரியும் கைவண்டியும் நடுவே புகுந்து வரும்.

அம்பாசிடரின் பின்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். அதுதான் ஸ்பிரிங். வண்டியின் பாரமும் உள்ளே உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்களின் பாரமும் அதன் மேல்தான். பட்டை ஒன்று உடைந்தால் வண்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்துவிடும். ஒரு மழைக்காலத்தின் ஆரம்பத்தில் ஹராதன்தாவின் வண்டி முதல் தடவை இடது பக்கம் சாய்ந்தது. கராஜுக்கு அனுப்பினோம். புது ஸ்பிரிங் போட்டதாகப் பில் வந்தது, காசு கொடுத்தோம். குனிந்து பார்த்தால் கன்னங்கரேலென்று புதுசாக மின்னியது. ரோடு மோசம், அதுதான் உடைந்தது என்று நிதாய் பாபு சொன்னார். கல்கத்தாவில் ரோடு மோசம் என்று யாராவது சொன்னால் மறுத்துப் பேச முடியுமா? சரி என்று விட்டேன்.

அந்தப் புது ஸ்பிரிங் ஒரு மாதம்கூட வரவில்லை. இரண்டாவது தடவை கேட்டபோது, உங்கள் ஆபீசர்கள் எல்லோரும் நன்றாகச் சாப்பிடுகிறார்கள் தீதி, பாரம் ஜாஸ்தி என்றார். மறுபடி ஒரு புது ஸ்பிரிங், மறுபடி ஒரு பில். மூன்றாவது தடவை உடைந்தபோது நானே நேரில் போனேன். அன்று பார்த்து விஸ்வகர்மா பூஜை. வானம் முழுக்கப் பட்டம். கராஜில் ஸ்பானர், சுத்தியல் எல்லாம் சந்தனப் பொட்டும் மாலையுமாக வரிசையாகப் படுத்திருந்தன. எங்கள் கார் ஓரமாக ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு நின்றது, அதற்கும் ஒரு மாலை. இன்றைக்குக் கருவிகளுக்கு ஓய்வு தீதி, தொடக்கூடாது, பூஜைக்குப் பிறகு பார்க்கலாம் என்றார். அந்த ஊரில் வேலை செய்யப்போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பூஜைக்கு முன்னால் என்பார்கள், பூஜைக்குப் பின்னால் என்பார்கள், எந்தப் பூஜை என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். விஸ்வகர்மா முடிந்தால் துர்க்கை, துர்க்கை முடிந்தால் லட்சுமி, அப்புறம் காளி. நான் போட்ட சத்தத்தில் இரண்டு நாளில் வண்டி வந்தது. கூடவே ஒரு புதுக் காரணமும் வந்தது. டிரைவர் குழி பார்க்காமல் ஓட்டுகிறார் என்று இந்த முறை சொன்னார்.

இதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் அன்றோடு போயிருக்கும். எங்கள் நிர்வாக மேலாளரிடமும் முதல் உடைப்பிலிருந்தே இப்படிச் சொல்லி வைத்திருந்தார். அவர் திருநெல்வேலிக்காரர், மெட்ராஸிலிருந்து மாற்றலாகி வந்தவர். அந்த அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். எழுத்தில் தரக்கூடிய உத்தரவுகளை அவர் ஆங்கிலத்தில் தருவார், எழுத்தில் தர முடியாதவற்றைத் தமிழில் தருவார். எனக்குத் தெரியாமலே முதல் இரண்டு உடைப்புகளுக்கும் ஹராதன்தாவின் பேரில் இரண்டு எச்சரிக்கைகளைப் போட்டு வைத்திருந்தார்.

கடைசியில் வந்ததுதான் பெரிய வில்லங்கம். டெல்லியிலிருந்து வந்த இயக்குநர் ஒருவரை ஏற்றிக்கொண்டு போகும்போது, கிடர்பூரில் டிராம் தண்டவாளத்தின் மேலேயே வண்டி சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. பின்னால் டிராம் மணி அடிக்கிறது, சுற்றிலும் கூட்டம், கொட்டுகிற மழை. அந்தப் பெரிய மனிதர் பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து போய் டாக்ஸி பிடித்தார். மறுநாளே டெல்லியிலிருந்து தொலைபேசி. யார் மேலாவது நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்றார்கள். யார் மேல் என்று அவர்கள் சொல்லவில்லை, அதை எங்கள் மேலாளர் முடிவு செய்துகொண்டார்.

விசாரணைக்குத் தேதி குறித்தாயிற்று. மூன்றாவது எச்சரிக்கை பதிவானால் ஹராதன்தா அதற்குப் பிறகு எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் தொட முடியாது. ஃபைல் தூக்கும் வேலைக்கு இறக்கிவிடுவார்கள். அதற்கு வேண்டியது வண்டிப் பிரிவின் அறிக்கை, அதாவது என் கையெழுத்து. ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்று ஒரு வரி தட்டச்சு அடித்து என் மேஜைக்கே அனுப்பியிருந்தார்கள். நான் அதை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன்.

“என்னம்மா, இதுல யோசிக்க என்ன இருக்கு? கராஜ்காரனே சொல்லுதான், குழியில விட்டு அடிக்கான்னு. கையெழுத்தப் போட்டுட்டு வேலையப் பாருங்க” என்றார்.

“எனக்குத் தெரியாத விஷயத்துக்கு நான் எப்படி சார் கையெழுத்துப் போடறது?”

“தெரிஞ்சா போடுதோம் எல்லாத்துக்கும்?” என்று அவர் கேட்டார். உண்மையில் நியாயமான கேள்விதான். அலுவலகங்களில் அப்படித்தான் நடக்கிறது. உங்கள் முன்னாலும் ஒரு நாள் இப்படி ஒரு வரி வந்து உட்காரும். தெரியாது என்று சொல்வதற்கு வெட்கமாக இருக்கும், பின்னால் நாலு பேர் அவசரப்படுத்துவார்கள். அப்போது எழுந்து போய் வண்டியில் உட்காருங்கள். எனக்கு அன்றைக்குத் தோன்றியது அதுதான். வண்டி கராஜிலிருந்து திரும்பி வந்ததும் ஒரு தடவை நான் அதில் ஹராதன்தாவோடு போய்வருகிறேன், அதற்குப் பிறகு கையெழுத்து என்றேன். விசாரணைக்கு முன்னால் முடித்துவிடுங்கள் என்று வேண்டாவெறுப்பாகச் சம்மதித்தார்.

வண்டி வந்தது. குனிந்து பார்த்தால் பழையபடி கன்னங்கரேலென்று புது ஸ்பிரிங். கிடங்குக்குக் கிளம்பினோம். பின்சீட்டில் நான், முன்னால் ஹராதன்தா, மழை கொஞ்சம் விட்டிருந்தது. அந்தப் பயணத்தை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன். மனிதர் அவ்வளவு மெதுவாக ஓட்டினார். ஒவ்வொரு குழிக்கும் முன்னால் நிற்பார், எட்டிப் பார்ப்பார், நோயாளியைக் கட்டிலிலிருந்து இறக்குவது போல ஒரு சக்கரத்தை இறக்குவார், பிறகு அடுத்ததை இறக்குவார். மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. அதை இழுத்தவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. இது வண்டியா ஊர்வலமா என்று கேட்டே விட்டேன்.

அடுத்த குழியிலும் அதே மாதிரி நின்று இறக்கினார். கொஞ்ச தூரம் போன பிறகு, கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் அவர் பேசினார்.

“ஃபைல் தூக்கச் சொன்னா தூக்கிடுவேன் தீதி, அது ஒண்ணும் இல்ல. ஆனா எங்க பாடாவுல என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடறது இல்ல. டிரைவர்தா, டிரைவர்தான்னுதான் கூப்பிடுவாங்க. நாளைக்கு எப்படிக் கூப்பிடுவாங்க?”

பாடா என்றால் அவர்கள் பேச்சில் நாம் குடியிருக்கும் தெரு. அந்தத் தெருவில்தான் ஒருவருக்கு மரியாதையும் அவமானமும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெஹாலாவுக்குள் நுழைந்து ஒரு சிக்னலில் நின்றோம். நல்ல ரோடு. குழி இல்லை, தண்டவாளம் இல்லை, தண்ணீரும் இல்லை. விளக்கு மாறியது. ஹராதன்தா வண்டியை நகர்த்த ஆரம்பித்தார், அவ்வளவுதான். கீழே ‘டங்’ என்று ஒரு சத்தம். நான் உட்கார்ந்திருந்த பக்கம் அப்படியே இறங்கியது. ஹராதன்தா இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் தொடவே இல்லை என்று யாரிடமோ காட்டுவது போல இருந்தது அது.

ஒரு பக்கம் எனக்குக் கோபம், இன்னொரு பக்கம் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், சந்தோஷம். இந்த மனிதர் உடைக்கவில்லை என்று என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். ஆனால் நான் பார்த்தது போதுமா? நான் சொல்வேன், கராஜ்காரர் வேறு சொல்வார், மேலாளர் தனக்கு வேண்டியதைக் கேட்டுக்கொள்வார். ரோடு ஓரத்திலிருந்த கடையிலிருந்து அலுவலகத்துக்கு ஃபோன் செய்து விஷயத்தைச் சொன்னேன். சொல்லிவிட்டுத் திரும்பி வந்து கொஞ்ச நேரம்தான் நின்றிருப்பேன், நிதாய் பாபுவின் ஆட்கள் இழுவை வண்டியோடு வந்து நின்றார்கள். ஒரு ஸ்பிரிங்குக்கு ஒரு வாரம் இழுத்தடிக்கும் கராஜ், ஆபீசில் யாரோ சொன்னதைக் கேட்டு, நான் கூப்பிடாமலே ஓடி வருகிறது. அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது.

வண்டியைத் தரமாட்டேன் என்றேன். அவர்கள் கெஞ்சினார்கள், மழை வருகிறது என்றார்கள், பில் கிடையாது இலவசம் என்றார்கள். இலவசம் என்ற வார்த்தையைக் கேட்டதும் என் பிடிவாதம் இன்னும் ஏறியது. சுற்றிக் கூட்டம் கூடி, தீதிக்கு என்ன ஆயிற்று என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கல்கத்தாவில் நடுரோட்டில் வண்டி நின்றால் தள்ளுவதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம், யோசனை சொல்ல எத்தனை பேர் வேண்டுமானாலும் கிடைப்பார்கள். கடைசியில் எங்கள் கிடங்கிலிருந்தே லாரி வரவழைத்து, காரை அங்கே இழுத்துக்கொண்டு போனோம். சரக்கு தூக்கும் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டர் ஒருவர் அங்கே இருந்தார். என் கண்ணெதிரே ஸ்பிரிங்கைக் கழற்றச் சொன்னேன்.

இங்கே உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பழைய பாகம் எதைக் கழற்றினாலும் அதைக் கராஜ்காரர் எங்கள் ஸ்டோருக்குத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. ஸ்டோர் பாபு அப்படி வரும் ஒவ்வொரு இரும்பிலும் உளியை வைத்து எங்கள் அலுவலகத்தின் எழுத்தையும் ஒரு எண்ணையும் கொத்தி வைப்பார், யாரும் திருடிக்கொண்டு போகக்கூடாது என்பதற்காக. வருடத்துக்கு ஒரு முறை அவ்வளவையும் ஏலத்தில் விடுவோம். இதில் வேடிக்கை என்னவென்றால், பழைய பட்டை திரும்பி வர வேண்டும் என்பது வரைக்கும்தான் விதி. எந்த வண்டியின் பழைய பட்டை என்று விதியில் இல்லை. நிதாய் பாபு ஏதோ ஒரு துருப்பிடித்த துண்டைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார், ஸ்டோர் பாபுவும் பயபக்தியோடு அதைக் கொத்தி வைப்பார்.

ஃபிட்டர் கழற்றிய பட்டை நடுவில் இரண்டாகப் போயிருந்தது. உடைந்த இடத்தில் வெல்டிங் வைத்து ஒட்டி, ராவி, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது அப்பட்டமாகத் தெரிந்தது. புது ஸ்பிரிங்காம். அவர் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அதன் முனையை அழுத்தித் துடைத்தார். பெயின்ட் போனது. அடியில் எங்கள் அலுவலகத்தின் எழுத்து, பக்கத்தில் எண், உளியால் கொத்தியது.

எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஸ்டோர் பாபுவை உடனே கிடங்குக்கு வரச்சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. தன்னுடைய கையெழுத்து இத்தனை அடி வாங்கியும் அழியவில்லை என்பதில் மனிதருக்கு அவ்வளவு பெருமை. போன வருடம் ஏலம் விட்ட பழைய காரின் பட்டை அது என்று சந்தோஷமாகச் சொன்னார். நாங்கள் கழித்துக் கட்டி, காயலான்கடைக்காரருக்கு எடை போட்டு விற்ற இரும்பு, நிதாய் பாபு கைக்குப் போய், ஒட்டுப் போட்டு, பெயின்ட் அடித்து, புதுசு என்ற பில்லோடு எங்கள் காருக்கே திரும்பி வந்திருக்கிறது. எங்கள் குப்பையை நாங்களே காசு கொடுத்து வாங்கி, அது உடைந்ததற்கு ஹராதன்தாவைத் தண்டிக்கக் கிளம்பியிருக்கிறோம்.

நான் நேராக நிதாய் பாபுவின் கராஜுக்குப் போனேன். பட்டைத் துண்டு என் கையில், பழைய துணியில் சுற்றியிருந்தது. டீ வந்தது, அதை அங்கேயே ஆறவிட்டேன். துணியைப் பிரித்து எழுத்தைக் காட்டினேன். மறுப்பார், அழுவார், காலில் விழுவார் என்று என்னென்னவோ எதிர்பார்த்துக்கொண்டு போயிருந்தேன். அவர் கொஞ்சம்கூடக் கலங்கவில்லை.

“உங்க ஆபீஸ் இரும்பு நல்ல இரும்பு தீதி. எவனோ ஒருத்தனோட பழைய இரும்ப உங்க வண்டிக்குப் போட எனக்கு மனசு வருமா? அதான் உங்களோடதையே தேடிப் போட்டேன்” என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தால் நான்தான் நன்றி கெட்டவள் போல இருந்தது. பட்டையை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தேன். டீ மட்டும் குடித்திருந்தால் ஒருவேளை தலையாட்டிவிட்டுக்கூட வந்திருப்பேன். வெளியே வந்ததும் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது, வழியெல்லாம் டாக்ஸிக்காரரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் பாவம், ஒன்றும் புரியாமல் ஆமாம் ஆமாம் என்று ஓட்டிக்கொண்டு வந்தார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன். பட்டையைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, தமிழுக்கு மாறினார்.

“ஏலத்துல கையெழுத்து என்னுதும்மா. உடைச்சுப் போடாம முழுசா ஏன் வித்தீங்கன்னு டெல்லியில கேப்பாங்க. கராஜ சத்தமில்லாம மாத்திருவோம். அந்த மனுசனுக்கு ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். அவனுக்கு என்ன கெட்டுப்போவுது?”

அந்த ஒரு எச்சரிக்கைதான் மூன்றாவது. அது மேலாளருக்கும் தெரியும். கெட்ட மனிதர் இல்லை அவர், அதைச் சொல்லியாக வேண்டும். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முதல் ஆளாக வந்து நின்றவர். பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான். பயந்தவர்களோடு வாதாடுவது திருடனோடு வாதாடுவதைவிடக் கஷ்டம். நீங்கள் எவ்வளவு நியாயம் பேசினாலும் அவர்கள் காதில் அவர்களுடைய பயம்தான் கேட்டுக்கொண்டிருக்கும். எனக்கும் பயம்தான். ஓய்வு பெறும் வரைக்கும் இவரிடம்தான் வேலை பார்க்க வேண்டியிருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

“சரி சார், எழுதறேன்” என்றேன். “அந்த வண்டியில நானும் இருந்தேன். ஓட்டினது அவர், இன்னும் வேகமாப் போங்கன்னு சத்தம் போட்டது நான். கவனக்குறைவுன்னு எழுதினா ரெண்டு பேர் பேரையும் சேர்த்துதான் எழுதுவேன். எச்சரிக்கை எனக்கும் வேணும்.”

அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். பிறகு, உங்களோட பெரிய ரோதனையாப் போச்சு என்று சொல்லி, தட்டச்சு அடித்த அந்த வரியைக் கிழித்துப் போட்டார். இதைப் படித்துவிட்டு நான் தைரியசாலி என்று நினைக்க வேண்டாம். எனக்குக் கோபம் வந்தது, கோபத்தில் வாய் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். ஆனால் ஒன்று கவனித்துக்கொள்ளுங்கள். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்காவிட்டால் அந்தக் கோபத்துக்கு எந்த மதிப்பும் இருந்திருக்காது.

விசாரணை அன்று பட்டையைக் கொண்டுபோய் மேஜைக் கண்ணாடியின் மேல் வைத்தேன், கண்ணாடி விரிசல் விட்டது. அதற்கும் பிறகு என்னிடம் விளக்கம் கேட்டார்கள். ஸ்டோர் பாபு வந்து, கேட்காத கேள்விகளுக்கெல்லாம் தன் உளி வேலையைப் பற்றி விளக்கம் சொன்னார். ஹராதன்தாவின் பேரிலிருந்த எச்சரிக்கைகள் ரத்தாயின. உத்தரவின் கடைசியில், இனி கவனமாக ஓட்டும்படி அவர் அறிவுறுத்தப்படுகிறார் என்று வழக்கமான ஒரு வரியைச் சேர்த்திருந்தார்கள். எனக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. அந்த வரியை நீக்கித் தரும் வரைக்கும் அறையை விட்டு நகரவில்லை. மேலாளருக்கு டெல்லியிலிருந்து நாலு வார்த்தை கிடைத்தது. அதற்குப் பிறகு அவர் என்னோடு ஆங்கிலத்தில் மட்டும்தான் பேசினார்.

இன்றைக்கும் எங்கள் அலுவலகத்தில் கழித்துப் போட்ட பாகங்களை கேஸ் வைத்து வெட்டித் துண்டாக்கிய பிறகுதான் விற்கிறார்கள். நீங்கள் எங்கே இருந்தாலும் இதைச் செய்யுங்கள். விலை குறைவு என்று வருகிறவரிடம் ஏன் குறைவு என்று கேளுங்கள். கழற்றுவதும் மாட்டுவதும் உங்கள் கண் முன்னால் நடக்கட்டும். நிதாய் பாபு என்ன ஆனார் என்று கேட்பீர்கள். வேலையை நிறுத்தினோம். ஆறு மாதத்தில் வேறொரு கராஜ் பெயரில், எல்லோரையும்விடக் குறைந்த விலையோடு அவருடைய மைத்துனர் வந்து நின்றார். அவரும் என்னைத் தீதி என்றுதான் கூப்பிட்டார்.

இனி சொல்லப்போவது உங்களுக்கு எந்தப் பயிற்சியிலும் வராது. புது ஸ்பிரிங்குகளைப் பெட்டி பிரிக்காமல் வாங்கி, கிடங்கில் என் முன்னாலேயே மாட்டி, வண்டியை ஹராதன்தாவிடம் கொடுத்தேன். அவர் ஏறி, முதல் குழி வரைக்கும் ஓட்டினார். நிறுத்தினார், இறங்கினார். மழைச் சேற்றில் ஒரு கையை ஊன்றி, குனிந்து, இடது பின்சக்கரத்துக்கு மேலே பார்த்தார். பட்டையைத் தடவினார். திரும்பி வந்து ஓட்டினார், அடுத்த குழியில் மறுபடி இறங்கினார். ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அந்த வாரம் போய், மாதங்கள் போய், வருடங்களும் போயின. அதன் பிறகு அவர் வண்டியில் ஒரு பட்டைகூட உடையவில்லை. ஆனால் அவர் இறங்கிப் பார்ப்பது நிற்கவில்லை. அதிகாரிகள் புகார் சொன்னார்கள். சீக்கிரமாகக் கிளம்புங்கள் என்று அவர்களிடம் சொன்னேன். ஸ்பிரிங்கை மாற்ற என்னால் முடிந்தது. நீதான் உடைத்தாய் என்று ஒரு மழைக்காலம் முழுக்க நாங்கள் சொன்னதை அவர் மனதிலிருந்து எடுக்க எனக்கு வழி தெரியவில்லை. அது எனக்குப் பெரிய துக்கம்.

நான் ஓய்வு பெற்ற அன்று அவர்தான் என்னை வீட்டில் கொண்டுபோய் விட்டார். இரண்டாயிரத்துக்குப் பிறகு அது, ஊரின் பெயரே மாறிவிட்டிருந்தது. மடியில் பூமாலை, சால்வை, சந்தேஷ் இனிப்புப் பெட்டி. டாக்குரியா பாலம் ஏறுவதற்கு முன்னால் ரோட்டில் சின்னதாக ஒரு பள்ளம், ஒரு தட்டு அகலம்கூட இருக்காது. வண்டி நின்றது. ஹராதன்தா இறங்கிப் பின்னால் போனார். எங்களுக்குப் பின்னால் நின்ற மினி பஸ், டாக்ஸி எல்லாம் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. கண்டக்டர் ஒருவர் கதவில் தொங்கிக்கொண்டு எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். ஊரில் ஒரு கராஜ் பாக்கி வைக்காமல் சண்டை போட்ட நான், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை, மாலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து ஏறினார். “எல்லாம் சரியா இருக்கு தீதி” என்றார்.

“தெரியும் ஹராதன்தா” என்றேன்.

அவர் கண்ணாடியில் ஒரு முறை என்னைப் பார்த்தார். பிறகு கியரைப் போட்டு, மிக மெதுவாகப் பாலத்தின் மேல் ஏற ஆரம்பித்தார்.